100.20 என்று காட்டிய பங்கு 100.68-க்கு கிடைத்தது ஏன்? 'பை' அழுத்திய பிறகு உங்கள் ஆர்டருக்கு என்ன நடக்கிறது?

ஆப்பில் ஒரு பங்கின் விலை 100 ரூபாய் 20 காசு என்று காட்டுகிறது. 500 பங்கு வேண்டும் என்று 'பை' பட்டனை அழுத்துகிறீர்கள். அடுத்த நொடியே ஆர்டர் முடிந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. ஆனால் சராசரி விலை 100 ரூபாய் 68 காசு.

"20 காசுன்னுதானே காட்டுச்சு, மீதி 48 காசு எங்கே போச்சு?"

புரோக்கர் எடுத்துக்கொண்டாரா? இல்லை. அரசின் வரியா? அதுவும் இல்லை. அது தனிக் கணக்கு. அந்த 48 காசு எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால், ஒரு ஆர்டர் எப்படி நிறைவேறுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். (இங்கே வரும் 100 ரூபாய்ப் பங்கு கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனைப் பங்கு. சந்தை விதிகளும் சம்பவங்களும் உண்மையானவை.)

திரையில் தெரிவது யாருடைய விலை?

ஆப்பில் பெரிய எழுத்தில் தெரிவது 'கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை'. சுருக்கமாக எல்டிபி என்பார்கள். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு அந்த விலையில் ஏற்கெனவே விற்று முடித்துவிட்டார். அது நடந்து முடிந்த செய்தி. உங்களுக்கும் அதே விலையில் தருகிறோம் என்ற வாக்குறுதி அல்ல.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலை அதற்குக் கீழே, பலர் திறந்தே பார்க்காத 'மார்க்கெட் டெப்த்' பகுதியில் இருக்கிறது. அங்கே இரண்டு பத்திகள் இருக்கும். ஒரு பக்கம் பிட், மறுபக்கம் ஆஸ்க்.

பிட், ஆஸ்க்: தமிழில் வரும் குழப்பம்

'ஆஸ்க்' என்றால் கேட்பது என்று நினைத்து, அதைக் 'கேட்பு விலை' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல். "என் மாட்டை 40 ஆயிரத்துக்குக் கேட்டாங்க, நான் கொடுக்கலை" என்று ஊரில் சொன்னால், கேட்டவர் யார்? வாங்க வந்தவர். ஆங்கிலத்தில் ஆஸ்க் என்பது விற்பவரின் விலை. நேர் எதிர்.

அதனால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிட் என்பது வாங்குபவர் கேட்கும் விலை, ஆஸ்க் என்பது விற்பவர் சொல்லும் விலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஸ்ப்ரெட்.

மாட்டுச் சந்தை உதாரணத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. பங்குச் சந்தையில் அந்தத் துண்டு கிடையாது. யார் என்பது மட்டும் மறைவாக இருக்கும். என்ன விலை, எத்தனை பங்கு என்பது எல்லோர் திரையிலும் தெரியும். (பெரிய ஆர்டர் போடுபவர்கள் ஒரு பகுதியை மட்டும் வெளியே காட்டும் வசதியும் உண்டு. ஆகவே தெரிவதைவிட அதிகம் இருக்கலாம்.)

ஆர்டர் புக் என்பது என்ன?

நம் கற்பனைப் பங்கின் புத்தகம் காலை 10 மணிக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வாங்குபவர்கள் (பிட்):
100.00 ரூபாய்: 300 பங்கு
99.95 ரூபாய்: 500 பங்கு
99.90 ரூபாய்: 1,200 பங்கு

விற்பவர்கள் (ஆஸ்க்):
100.20 ரூபாய்: 200 பங்கு
100.50 ரூபாய்: 150 பங்கு
101.50 ரூபாய்: 400 பங்கு

வாங்க நிற்பவர்களில் அதிக விலை தருபவர் முதலில். விற்க நிற்பவர்களில் குறைந்த விலை சொல்பவர் முதலில். இப்போதைக்கு ஸ்ப்ரெட் 20 காசு. இரு தரப்பும் ஒரு விலையில் சந்திக்கும் வரை எந்த வர்த்தகமும் நடக்காது. புத்தகம் அப்படியே காத்திருக்கும்.

இந்தப் புத்தகத்தை வைத்திருப்பது பங்குச் சந்தையின் கணினி. தேசிய பங்குச் சந்தை (என்எஸ்இ) என்றால் அதன் தலைமையகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், தாராவியில் இருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வரும் இடத்தில் இருக்கிறது. மும்பை பங்குச் சந்தை (பிஎஸ்இ) என்றால் தலால் ஸ்ட்ரீட். இரண்டும் தனித்தனிப் புத்தகங்கள். அதனால்தான் ஒரே பங்குக்கு ஒரே நொடியில் இரண்டு இடத்திலும் சில காசு வித்தியாசம் தெரிகிறது. என்எஸ்இ-யில் போட்ட ஆர்டர், பிஎஸ்இ-யில் நல்ல விலை இருக்கிறது என்பதற்காகத் தானாக அங்கே போகாது.

முதலில் யாருக்கு? விலை, பிறகு நேரம்

விதி இரண்டே வரி. நல்ல விலை தருபவருக்கு முதல் உரிமை. விலை ஒன்றாக இருந்தால், முதலில் வந்தவருக்கு முதல் உரிமை.

100.00 ரூபாயில் நிற்கும் அந்த 300 பங்கு, மூன்று பேருடையது என்று வைத்துக்கொள்வோம். செம்பூரில் இருந்து ஒருவர் முதலில் 100 பங்குக்குப் போட்டார். சில நொடி கழித்து மாட்டுங்காவில் இருந்து ஒருவர் 150. கடைசியாக தாராவியில் இருந்து ஒருவர் 50. இப்போது ஒருவர் 180 பங்கை மார்க்கெட் விலைக்கு விற்க வருகிறார்.

செம்பூர்க்காரருக்கு 100-ம் கிடைத்துவிடும். மாட்டுங்காக்காரருக்கு 80 கிடைக்கும், 70 பாக்கி நிற்கும். தாராவிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. பெரிய முதலீட்டாளரா, சின்ன முதலீட்டாளரா என்று கணினி பார்ப்பதில்லை. "100 ரூபாய்க்கு வியாபாரம் நடந்திருக்கு, எனக்கு மட்டும் கிடைக்கலையே" என்று நாம் புலம்புவதற்குக் காரணம் இந்த வரிசைதான்.

இன்னொரு விஷயம். காத்திருக்கும்போது ஆர்டரின் விலையை மாற்றினாலோ, எண்ணிக்கையைக் கூட்டினாலோ, வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் இடம் போகாது. சும்மா சும்மா 'மாடிஃபை' அழுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 48 காசு எங்கே போனது?

இப்போது உங்கள் 500 பங்கு ஆர்டருக்கு வருவோம். அது மார்க்கெட் ஆர்டர். அதாவது, "என்ன விலையானாலும் பரவாயில்லை, இப்பவே வேணும்" என்று நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டு.

கணினி மேலே இருக்கும் ஆஸ்க் வரிசையை ஒவ்வொரு படியாகக் காலி செய்கிறது.

200 பங்கு, 100.20 வீதம்: 20,040 ரூபாய்
150 பங்கு, 100.50 வீதம்: 15,075 ரூபாய்
150 பங்கு, 101.50 வீதம்: 15,225 ரூபாய்
மொத்தம்: 50,340 ரூபாய். சராசரி 100.68.

எல்லாமே 100.20-க்கு கிடைத்திருந்தால் 50,100 ரூபாய்தான். கூடுதலாகப் போன 240 ரூபாய் இரண்டாவது, மூன்றாவது படியில் நின்ற விற்பனையாளர்களுக்குப் போனது. 100.20-க்கு விற்கத் தயாராக இருந்தவரிடம் 200 பங்குதான் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வாங்கிய கையோடு மனம் மாறி 500-ஐயும் மார்க்கெட் விலையில் விற்றால்? 300 பங்கு 100.00-க்கும், 200 பங்கு 99.95-க்கும் போகும். கையில் வருவது 49,990 ரூபாய். பங்கு பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை, ஆனாலும் ஒரு நிமிடத்தில் 350 ரூபாய் போய்விட்டது. புரோக்கரேஜ் பூஜ்யம் என்று விளம்பரம் செய்யும் ஆப்பிலும் இந்தச் செலவு உண்டு. கான்ட்ராக்ட் நோட்டில் இதற்குத் தனி வரி இருக்காது.

இதை அளக்க 'இம்பாக்ட் காஸ்ட்' என்ற கணக்கு இருக்கிறது. சிறந்த பிட்டுக்கும் சிறந்த ஆஸ்க்குக்கும் நடு விலை (இங்கே 100.10) ஒரு லட்சிய விலை என்று வைத்து, நீங்கள் உண்மையில் கொடுத்த விலை அதைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று பார்ப்பது. நம் உதாரணத்தில் சுமார் 0.58%. நிஃப்டி 50 குறியீட்டில் ஒரு பங்கு இடம்பெற வேண்டுமானால், 10 கோடி ரூபாய் அளவிலான கூடையை வாங்கும்போதும் இந்தச் செலவு 0.50 சதவீதத்துக்குள், 90% நேரம் இருக்க வேண்டும் என்பது விதி. 10 கோடிக்கே அங்கே அவ்வளவுதான். நம் கற்பனைப் பங்கில் வெறும் 50 ஆயிரத்துக்கே அதைத் தாண்டிவிட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த சின்னப் பங்குகளில் இதுதான் நிலைமை.

லிமிட் ஆர்டர் போட்டால்?

அதே 500 பங்குக்கு "100.50-க்கு மேல் தர மாட்டேன்" என்று லிமிட் ஆர்டர் போட்டிருந்தால், முதல் இரண்டு படியில் 350 பங்கு கிடைத்திருக்கும். மீதி 150-க்கான ஆர்டர் 100.50 என்ற விலையோடு பிட் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்கும்.

இப்போது ஒருவர் 100 பங்கை 100.40-க்கு விற்கத் தயார் என்று வருகிறார். வர்த்தகம் எந்த விலையில் நடக்கும்? 100.40 அல்ல, 100.50. ஏற்கெனவே புத்தகத்தில் காத்திருக்கும் ஆர்டரின் விலைதான் செல்லும். வந்தவருக்கு அவர் கேட்டதைவிட 10 காசு அதிகம். உங்களுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட விலையைத் தாண்டவில்லை.

ஆக, மார்க்கெட் ஆர்டரில் பங்கு கிடைப்பது அநேகமாக உறுதி, விலை உறுதியில்லை. லிமிட் ஆர்டரில் விலை உறுதி, பங்கு கிடைப்பது உறுதியில்லை. இரண்டையும் சேர்த்துத் தரும் ஆர்டர் எதுவும் கிடையாது.

ஆபீஸ் போகிறவர்கள் இரவில் போடும் ஆர்டர்

பகலில் மீட்டிங், அதனால் முந்தைய இரவே ஆர்டர் போட்டு வைப்பவர்கள் நிறைய. அந்த ஆர்டர் புரோக்கரிடம் காத்திருந்து, காலையில் சந்தைக்குப் போகிறது. 2010 அக்டோபரில் தொடங்கிய 'ப்ரீ ஓப்பன்' நேரத்தில் ஆர்டர்கள் வந்த உடனே பொருந்துவதில்லை. காலை 9 மணியில் இருந்து சில நிமிடங்கள் வந்து குவிகின்றன. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை கண்டுபிடிக்கப்படுகிறது. எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ, அதுவே தொடக்க விலை.

உதாரணமாக, 102 ரூபாய் தரத் தயாரானவர்களின் தேவை 400 பங்கு, 101 என்றால் 600, 100 என்றால் 900. விற்பவர்கள் 102 கிடைத்தால் 700 பங்கு தருவார்கள், 101 என்றால் 550, 100 என்றால் 300. 102-ல் 400 பங்குதான் கைமாறும். 100-ல் 300. 101-ல் 550. ஆகவே தொடக்க விலை 101. இரவு 102-க்கு லிமிட் போட்டவருக்கும் 101-க்கே கிடைக்கும். 9.15-க்கு வழக்கமான சந்தை தொடங்குகிறது.

புத்தகம் காலியானால் என்ன ஆகும்? 2012 அக்டோபர் 5

மேலே பார்த்த 500 பங்குக் கணக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2012 அக்டோபர் 5 காலையில் அதுதான் நடந்தது. எம்கே குளோபல் என்ற புரோக்கர் நிறுவனத்திடம் இருந்து என்எஸ்இ-க்குத் தவறுதலாக 59 ஆர்டர்கள் வந்தன. அவற்றால் நடந்த வர்த்தகத்தின் மதிப்பு 650 கோடி ரூபாய்க்கும் மேல். நிஃப்டியின் பெரிய பங்குகளில், பிட் வரிசையின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. முந்தைய நாள் 5,787.60-ல் முடிந்திருந்த நிஃப்டி, சில நொடிகளில் 4,888.20 வரை விழுந்தது. சுமார் 15.5% சரிவு. சந்தை 15 நிமிடம் நின்றது.

அந்த நிறுவனங்களில் அன்று காலை எதுவும் நடக்கவில்லை. தொழிற்சாலை எரியவில்லை, லாபம் குறையவில்லை. வாங்க நின்றவர்களின் வரிசை அந்த நேரத்தில் அவ்வளவுதான் நீளம். வர்த்தகம் மீண்டும் தொடங்கியதும் விலைகள் பழைய இடத்துக்கு அருகே வந்துவிட்டன.

ஸ்டாப் லாஸ் பாதுகாக்காதா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்டாப் லாஸ் என்பது ஒரு காவல்காரர் மாதிரி. குறிப்பிட்ட விலை தொட்டதும் உங்கள் ஆர்டரைப் புத்தகத்துக்கு அனுப்பிவைப்பதோடு அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு எந்த விலை கிடைக்கும் என்பது அந்த நொடியில் புத்தகத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறும் வகை என்றால், காலியான புத்தகத்தில் மிக மோசமான விலையிலும் விற்றுவிடும்.

2021 ஆகஸ்ட் 20 அன்று நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன் ஒன்றின் விலை, கண் இமைக்கும் நேரத்தில் 800 ரூபாயைத் தாண்டிப் போய்த் திரும்பியது. இப்படிப்பட்ட 'ஃப்ரீக் டிரேட்' சம்பவங்களை அடுத்து, அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஆப்ஷன்களுக்கு ஸ்டாப் லாஸ் மார்க்கெட் வகையை என்எஸ்இ நிறுத்தியது. இப்போது தூண்டு விலையோடு ஒரு லிமிட் விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு அபாயம் இருக்கிறது: சந்தை உங்கள் லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால், ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும்.

சர்க்யூட் அடித்தால் ஏன் விற்க முடிவதில்லை?

பல பங்குகளுக்கு ஒரு நாளைக்கு 2, 5, 10 அல்லது 20 சதவீதம்தான் நகரலாம் என்ற வரம்பு உண்டு. கீழ் வரம்பைத் தொட்ட பிறகு சந்தை மூடுவதில்லை. வாங்க ஆள் வந்தால் வர்த்தகம் நடக்கும். ஆனால் டெப்த்தைத் திறந்தால் பிட் பக்கம் பூஜ்யமும், விற்கும் பக்கம் லட்சக்கணக்கான பங்குகளும் தெரியும். அந்த வரிசையில் நேரப்படிதான் வழி. விலையைக் குறைத்து முந்தவும் முடியாது, ஏனென்றால் அதற்குக் கீழே விலையே கிடையாது.

குறியீட்டுக்கான சர்க்யூட் வேறு. அது 10, 15, 20 சதவீத அளவுகளில் மொத்தச் சந்தையையும் நிறுத்தும். 2020 மார்ச் 13, மார்ச் 23 என இரண்டு நாட்கள் அப்படி 45 நிமிடம் நின்றது. இடைவேளையின் நோக்கம், காலியான பிட் பக்கத்தில் மறுபடி ஆட்கள் சேர நேரம் கொடுப்பது.

வரிசை எப்போதும் நியாயமாக இருந்ததா?

தலால் ஸ்ட்ரீட் வளாகத்தில் புரோக்கர்கள் கூடி நின்று கத்தியும் கை காட்டியும் வர்த்தகம் செய்த காலத்தில், உங்கள் ஆர்டர் எந்த நொடியில், என்ன விலையில் முடிந்தது என்று வெளியே இருப்பவர் சரிபார்ப்பது கடினம். 1994 நவம்பர் 3-ல் என்எஸ்இ கணினித் திரையில் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. 1995 மார்ச்சில் பிஎஸ்இ-யும் 'போல்ட்' அமைப்பின் மூலம் மாறியது. செயற்கைக்கோள் இணைப்பில் சென்னைக்காரரின் ஆர்டரும் அதே வரிசைக்கு வந்தது. ஆர்டர்கள் அதிகம் இருக்கும் இடத்துக்கே மேலும் ஆர்டர்கள் போகும். சென்னை பங்குச் சந்தை போன்ற பிராந்தியச் சந்தைகள் மெல்ல வெறிச்சோடின. 2015-ல் சென்னை பங்குச் சந்தை அதிகாரபூர்வமாக விடைபெற்றது.

ஆனால் 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்ற விதி இருந்தால், முதலில் வருவதற்கே போட்டி வரும். தன் வளாகத்திலேயே புரோக்கர்கள் சர்வர் வைத்துக்கொள்ளும் 'கோ-லொகேஷன்' வசதியை என்எஸ்இ கொடுத்தது. அங்கே விலைத் தகவல், சர்வரோடு இணைந்த வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்பட்டதால், முதலில் இணைந்தவருக்குச் சாதகம் கிடைத்தது என்ற புகார் எழுந்தது. 2019 ஏப்ரலில் சுமார் 625 கோடி ரூபாயும் வட்டியும் செலுத்துமாறு என்எஸ்இ-க்கு செபி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, உரிய கவனம் காட்டவில்லை என்பதற்காக 100 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது.

ஒரு நொடியின் சிறு துளிக்காக நடக்கும் இந்த ஓட்டத்தில், போனில் இருந்து ஆர்டர் போடும் நாம் ஜெயிக்கப்போவதில்லை. ஐந்து ஆண்டுக்கு வாங்கிப் போடுபவருக்கு அது பெரிய விஷயமும் இல்லை. தினமும் பத்து முறை வாங்கி விற்பவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரெட் கணக்கில் ஏறுகிறது. 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் செபியின் ஆய்வு சொன்னது. வர்த்தகச் செலவுகளும் அந்தக் கணக்கில் அடங்கும்.

உங்கள் ஆர்டர் உண்மையிலேயே சந்தைக்குப் போனதா?

மும்பையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 'டப்பா டிரேடிங்' என்று ஒன்று உண்டு. திரையில் விலை ஓடும், லாப நஷ்டம் மாறும். ஆனால் ஆர்டர் எந்தப் புத்தகத்துக்கும் போகாது, நடத்துபவரே எதிர்த்தரப்பு. 2023 ஜூனில் காந்திவலியில் இப்படி ஒரு டப்பாவைப் பிடித்தபோது, சுமார் மூன்று மாதத்தில் 4,672 கோடி ரூபாய்க்கு வர்த்தகம் நடந்ததாக மும்பை போலீஸ் கூறியது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் போலி டிரேடிங் ஆப்களும் இதே ரகம்.

உண்மையான சந்தையில் ஆர்டர் பொருந்திய நொடியில் இருந்து, கிளியரிங் கார்ப்பரேஷன் உங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் நடுவில் வந்து பொறுப்பேற்கிறது. விற்றவர் ஏமாற்றினாலும் உங்கள் கணக்கு முடிக்கப்படும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1, அதாவது அடுத்த வேலை நாளிலேயே பங்கும் பணமும் கைமாறிவிட வேண்டும். டப்பாவில் இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது.

ஆர்டர் போடும் முன், போட்ட பின்: என்ன பார்க்க வேண்டும்?

- கடைசி விலையை மட்டும் பார்க்காமல், மார்க்கெட் டெப்த்தைத் திறந்து உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை முதல் ஒன்றிரண்டு படியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.
- ஸ்ப்ரெட் அகலமாக இருந்தால் லிமிட் ஆர்டர். உடனே வேண்டும் என்றால், ஆஸ்க்குக்குச் சற்று மேலே லிமிட் வைக்கலாம். கிடைக்கும் வரை கிடைக்கும், விலையும் கை மீறாது.
- பெரிய எண்ணிக்கை என்றால் ஒரே அடியாக இல்லாமல் பிரித்துப் போடுங்கள்.
- ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால், தூண்டு விலைக்கும் லிமிட் விலைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள்.
- மாலையில் வரும் கான்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் எண், டிரேட் எண், நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். என்எஸ்இ இணையதளத்தில் அந்த வர்த்தகம் உண்மையா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அங்கே இல்லை என்றால், அந்த ஆப்பில் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாமல் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் சைபர் கிரைம் உதவி எண் 1930-லும் புகார் செய்யுங்கள்.

(இந்தக் கட்டுரை சந்தை இயங்கும் விதத்தை விளக்குவதற்காக மட்டும். எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை.)